கைப்பட்டையில் ஒரு பெயர்

அத்தியாயம் 17

வெண்டிக்கு டெங்கி என்று போன வாரம் செய்தி வந்ததிலிருந்து தர்மாவுக்கு நிம்மதி போயிற்று. வெண்டியைப் பற்றிய கவலை அல்ல அது. ஆஸ்பத்திரியில் அவள் தேறி வருகிறாள், நேற்று ரொட்டி கேட்டாளாம். கவலையெல்லாம் தன்னைப் பற்றித்தான்.

வெண்டியும் தர்மாவின் மனைவி காளியம்மாவும் ஈப்போவில் மலர்வனம் முதியோர் இல்லத்தில் ஒன்றாக வேலை பார்ப்பவர்கள். தாதி உதவியாளர் சான்றிதழுக்காகக் காளியம்மா எட்டு மாதம் படித்து, எழுத்துத் தேர்வையும் தாண்டிவிட்டாள். மிச்சம் இருப்பது செய்முறைத் தேர்வு மட்டும். அதற்கு நோயாளியாகப் படுத்துக்கொள்ள ஓர் ஆளை அவரவரே கூட்டி வர வேண்டும். வெண்டி வருவதாக இருந்தாள். அவள் நிஜ நோயாளியாகவே படுத்துவிட்டதால், பொய் நோயாளிக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

"அப்பா இருக்காருல்ல," என்றாள் மகள் ஷாமினி. "படுக்குறதுக்கு அவரவிட நல்ல ஆளு நம்ம சுங்கை சிப்புட் ஊர்லயே கெடையாது."

அப்படித்தான் முப்பது வருடமாக மலையிலிருந்து தாப்பா வழியாகக் காய்கறி லோரி ஓட்டும் தர்மா, முதல் தடவையாகப் படுப்பதற்கென்றே லீவு எடுத்தார்.

விளையாட்டாகப் பேசிக்கொண்டாலும் விஷயம் விளையாட்டில்லை. ஜனவரியிலிருந்து சான்றிதழ் இல்லாத யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று மலர்வனத்தில் முடிவு செய்துவிட்டார்கள். கூட்டலாம், துணி துவைக்கலாம், பாத்திரம் கழுவலாம். பதினோரு வருடமாகப் பெரியவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டி வந்த காளியம்மாவின் கை, இந்தத் தேர்வு தவறினால் துடைப்பத்தைத்தான் பிடிக்க வேண்டும். இப்போது அக்டோபர். அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்துத்தான்.

காலை ஏழு மணிக்கு ஷாமினி அம்மாவின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே பாடம் கேட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். எதையும் வரிசையாகக் கேட்டுப் பழகியவள்.

"மொத வேலை?"

"கை கழுவுறது. இருபது விநாடிக்குக் கொறையாம."

"ரெண்டாவது?"

காளியம்மா தேநீரை ஆற்றினாள். ஆற வேண்டிய அளவுக்கு அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"ஆள உறுதி பண்றது," என்றாள்.

"எப்படி?"

"கட்டில் அட்டைய படிக்கணும். கைப்பட்டைய படிக்கணும். ரெண்டையும் ஒத்துப் பாக்கணும். நோயாளிய பேரு சொல்லிக் கேக்கணும்."

"வாய்விட்டு சொல்லணும்மா. மனசுக்குள்ள படிச்சா மார்க் இல்ல. இந்த ஒண்ணு விட்டுப்போச்சுன்னா மத்த எல்லாம் சரியா செஞ்சாலும் ஃபேல்." ஷாமினி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "வெண்டி ஆன்ட்டின்னா பரவால்ல. இப்ப யாரு படுக்கப் போறாங்கன்னு ஞாபகம் இருக்கில்ல?"

தர்மா பசியாறிக்கொண்டிருந்த தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் நன்றாகத் தூக்கிக்கொண்டது.

இருபத்தாறு வருடக் குடும்பத்தில் காளியம்மா அவர் பெயரைச் சொன்னதில்லை. கிளினிக்கில் கணவர் பெயர் கேட்டால் அவருடைய அடையாளக் கார்டின் நகலைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டுவாள். வீட்டில் 'இந்தாங்க', வெளியில் 'ஷாமினி அப்பா'. யாராவது கேலி செய்தால் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். கித்தாத் தோட்டத்து ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்து வளர்ந்த பெண்களில் இன்னும் இப்படிச் சிலர் உண்டு. தர்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. பெருமை இல்லை என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள்.

ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். கல்யாணமான மாதம், தாப்பா பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் அவரைத் தவறவிட்டு, பதறிப்போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூட இருந்த சிநேகிதர்கள் சிரித்தார்கள். தர்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. 'பேரு சொல்லிக் கூப்பிடுறியா, ஊரு பாக்க' என்று அத்தனை பேர் முன்னால் கடிந்துகொண்டார். அன்றோடு முடிந்தது.

ஈப்போவுக்குத் தர்மாதான் காடி ஓட்டினார். சுண்ணாம்புக் குன்றுகள் வரத் தொடங்கியதும் தர்மாவுக்குத் தாங்கவில்லை.

"நான் கண்ண மூடிக்கிறேன். யாரோ எவரோன்னு நெனச்சுக்கிட்டு சொல்லிரு. முடிஞ்சது கதை."

காளியம்மா மடியிலிருந்த நீலக் கோப்பைத் தடவினாள். பதினோரு வருட வேலைக்கு ஆதாரமாக ஷாமினி படம் ஒட்டி, தேதி எழுதி அடுக்கிய கோப்பு அது.

"நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யுங்க," என்றாள். "எனக்கு உதவி பண்ணாதீங்க."

*

பயிற்சி நிலையம் ஒரு பழைய கடை வீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. மேலே ஆறு கட்டில்கள், சுற்றிலும் பச்சைத் திரை, மூலையில் கை கழுவும் தொட்டி. வரிசையில் இருந்த மற்றப் பெண்கள் தங்கைகளையும் தோழிகளையும் கூட்டி வந்திருந்தார்கள். மீசை வைத்த நோயாளி தர்மா ஒருவர்தான்.

தேர்வாளர் பியாட்ரிஸ், பத்து காஜா ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். மெலிந்த உடம்பு, கழுத்தில் சிலுவை, கையில் பென்சில். அந்தப் பென்சிலுக்கு இங்கே எல்லோரும் பயந்தார்கள். தர்மாவின் அடையாளக் கார்டை வாங்கி விவரம் எழுதிக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க இவங்க புருசனா?"

"ஆமா மிஸ்ஸி."

"இந்தக் கட்டில்ல நீங்க புருசன் இல்ல. பக்கவாதம் வந்த நோயாளி. வலது பக்கம் வேலை செய்யாது. பேச்சு வராது. கேட்டதுக்குத் தலையாட்டலாம், அவ்ளோதான். நீங்களா ஒரு வார்த்தை எடுத்துக் குடுத்தாலும் சரி, ஜாடை காட்டினாலும் சரி, தேர்வு அங்கயே ரத்து. வெளங்குதா?"

"வெளங்குது மிஸ்ஸி."

"நல்லதுன்னு நெனச்சுத்தான் எல்லாரும் செய்றாங்க. போன தடவ ஒரு அம்மா, மகளுக்காகத் தானே கால தூக்கிக் குடுத்துட்டாங்க. மக ஃபேல்."

தர்மா படுத்தார். பியாட்ரிஸ் அவருடைய இடது மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பட்டையைச் சுற்றி ஒட்டினார். அதில் என்னவோ எழுதியிருந்தது. மூக்குக் கண்ணாடி லோரியில் கிடந்ததால் அது அவருக்கு வெறும் கறுப்புக் கோடாகத்தான் தெரிந்தது.

காளியம்மா சீட்டு எடுக்க வேண்டும். டப்பாவில் பத்துச் சீட்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. அவள் எடுத்துப் பிரித்தாள். பிரித்தவள் அப்படியே நின்றாள்.

"படிங்க," என்றார் பியாட்ரிஸ்.

"விழுங்கச் சிரமப்படுற நோயாளிக்குச் சாப்பாடு ஊட்டுறது," என்றாள் காளியம்மா.

தர்மாவுக்கு ஆறுதலாக இருந்தது. தூக்கு, புரட்டு என்றில்லாமல் சோறு ஊட்டுகிற வேலை. இது தெரியாத பெண் உண்டா? அவள் முகம் ஏன் இப்படி வெளுத்துப் போகிறது என்றுதான் அவருக்குப் புரியவில்லை.

காளியம்மா கை கழுவினாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று ஒன்றையும் விடவில்லை. திரையை இழுத்து மூடினாள். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையைப் படித்தாள். பிறகு அவர் பக்கத்தில் வந்து இடது கையை எடுத்து, பட்டையைத் திருப்பினாள்.

அங்கேயே நின்றுவிட்டாள்.

சுவர்க் கடிகாரம் ஓடுவது தர்மாவுக்குக் கேட்டது. கீழே யாரோ டயரைத் தட்டினார்கள். பியாட்ரிஸின் பென்சில் தாளின் மேல் தயாராக நின்றது. காளியம்மாவின் கண் பட்டைக்கும் அட்டைக்குமாகப் போய் வந்தது. உதடு அசையவில்லை.

சொல்லித் தொலையேன் என்று தர்மாவின் உள்ளம் அடித்துக்கொண்டது. இருபத்தாறு வருடம் சொல்லாத பெயர் தொண்டையில் அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அவர் நினைத்தார். பாவி, நான்தானே இந்தப் பூட்டைப் போட்டேன் என்றும் நினைத்தார். ஒரே வார்த்தை. அவரே மெல்ல முணுமுணுத்தால் அவள் பிடித்துக்கொள்வாள். பியாட்ரிஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தால் செய்தும் இருப்பார். உதடு பிரிந்துவிட்டது.

உதவி பண்ணாதீங்க என்று அவள் காடிக்குள் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. தர்மா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"ஐயா," என்றாள் காளியம்மா. குரல் தெளிவாக வந்தது. "உங்க பேரு தர்மலிங்கமா?"

அவர் தலையாட்ட மறந்து போனார். தன் பெயர் இவ்வளவு நல்ல பெயர் என்று அதுவரை அவருக்குத் தெரியாது. பென்சில் அசைவதைப் பார்த்துப் பதறி, பிறகுதான் தலையாட்டினார்.

"உடையப்பன் மகன் தர்மலிங்கமா?"

ஆமாம் என்று மறுபடி தலையாட்டினார்.

காளியம்மா அவர் கையை மெதுவாகப் படுக்கையில் வைத்துவிட்டு, தேர்வாளர் பக்கம் திரும்பினாள்.

"மிஸ்ஸி, கட்டில் அட்டையில தர்மலிங்கம், அப்பா பேரு உடையப்பன். கைப்பட்டையிலயும் தர்மலிங்கம்தான், ஆனா அப்பா பேரு மாயாண்டி. ஐசி கார்டு நம்பரும் ஒத்துப் போகல. இது வேற ஆளோட பட்டை. சரி பண்ணாம நான் இவருக்கு ஒரு வாய் தண்ணி கூட குடுக்க மாட்டேன்."

பியாட்ரிஸின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்து வேறொரு பட்டையை எடுத்து நீட்டினார். காளியம்மா அதை அட்டையோடு எண் எண்ணாக ஒத்துப் பார்த்தாள், பெயரை மறுபடி வாய்விட்டுப் படித்தாள், பழையதைக் கழற்றிவிட்டு இதைக் கட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தர்மா பல நாள் தன் சிநேகிதர்களுக்குச் சொல்லப் போகிறார். அவர்களுக்கு அது வெறும் கஞ்சி ஊட்டிய கதையாகத்தான் இருக்கும். அவருக்கு அப்படி இல்லை.

அவள் எதைச் செய்வதற்கு முன்னாலும் அவரிடம் சொன்னாள். "தலைமாட்ட தூக்கப் போறேன் ஐயா." தூக்கினாள். "முதுகுக்குத் தலையணை வைக்கிறேன்." வைத்தாள். தண்ணீரில் மாவு போன்ற ஏதோ பொடியை அளந்து போட்டு, கலக்கி, கரண்டியைச் சாய்த்து எவ்வளவு கெட்டியாக விழுகிறது என்று பார்த்தாள். போதாதென்று இன்னும் ஒரு சிட்டிகை போட்டாள்.

நின்றுகொண்டு ஊட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராகத் தன் கண் வரும்படி உட்கார்ந்தாள். தாடையைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொன்னாள். அரைக் கரண்டிதான் எடுத்தாள். வாய்க்குள் தள்ளாமல் கீழுதட்டில் தொட்டு நிறுத்தி, அவராகத் திறக்கும் வரை பொறுத்தாள். அவர் விழுங்கியதும் அடுத்த கரண்டி வரும் என்று பார்த்தால், வரவில்லை. அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தரம் விழுங்கச் சொன்னாள். இரண்டாவது தரமும் தொண்டை ஏறி இறங்கிய பிறகுதான் கரண்டி அசைந்தது.

ஒரு வாய் தந்துவிட்டு, வலது கன்னத்தில் ஏதாவது ஒதுங்கியிருக்கிறதா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். செயலற்ற பக்கம் சாப்பாடு தங்கினால் நோயாளிக்குத் தெரியாது என்று தேர்வாளருக்குச் சொன்னாள். அவளுக்கு எங்கும் போக வேண்டிய அவசரம் இல்லை. அந்த அறையில் அந்தக் கரண்டியையும் அந்தத் தொண்டையையும் தவிர வேறொன்றும் இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

தர்மா அவள் கையால் இருபத்தாறு வருடம் சாப்பிட்டவர். அவள் வேலையை 'ஆயா வேலை' என்று காய்கறி இறக்கும் பாசாரில் நாலு பேரிடம் சொன்னவரும் அவர்தான். இப்போது கட்டிலில் சாய்ந்து கஞ்சியை விழுங்கிக்கொண்டிருந்தபோது, தன் மனைவியிடம் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. சொல்லப்போனால் கொஞ்சம் பயமே வந்தது. முன்னாலேயே வந்திருக்க வேண்டிய மரியாதை அது.

முடிவில் வாயைத் துடைத்தாள். "அரை மணி நேரம் இப்படியே நிமிந்து உக்காந்திருக்கணும் ஐயா, படுக்கக் கூடாது." அழைப்பு மணியை அவருடைய வலது கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனவள், இரண்டு எட்டு போய் நின்றாள்.

"மிஸ்ஸி, தப்பு பண்ணிட்டேன். வலது கை இவருக்கு வேலை செய்யாது." திரும்பி வந்து மணியை இடது கைக்குள் வைத்து, ஒரு தரம் அழுத்திப் பார்க்கச் சொன்னாள்.

மணி அடித்தது. பியாட்ரிஸ் பென்சிலைக் கீழே வைத்தார்.

"தெராம்பில்னு எழுதிட்டேன்," என்றார். தேர்ச்சி என்பதற்கு அந்தப் படிவத்தில் இருக்கிற சொல் அதுதான். "சான்றிதழ் வர ரெண்டு மாசம் ஆகும். எல்லாருக்கும் அப்பா பேர மாத்தித்தான் பட்டை கட்டுறேன் காளியம்மா. பேரு ஒத்துப் போகுதேன்னு பாதிப் பேரு கரண்டிய எடுத்துடுறாங்க. நீங்க எப்படிப் பிடிச்சீங்க?"

"ஒரு தடவ பிடிக்காம விட்டிருக்கேன் மிஸ்ஸி," என்றாள் காளியம்மா.

*

கீழே இறங்கியதும் தர்மாவுக்கு வாய் நிற்கவில்லை. ஷாமினிக்கு ஃபோன் போட்டுச் சொன்னார். பக்கத்துக் காப்பிக் கடையில் இரண்டு ரொட்டி சானாய் கேட்டார்.

"ஆனாலும் என் பேர சொல்றதுக்கு இவ்ளோ நேரமா? எனக்கு உயிரே போயிருச்சு லா."

"உங்க பேர சொல்றதுக்கு இல்லங்க நான் நின்னது," என்றாள் காளியம்மா. "பட்டைய பாத்ததும் அந்தப் பெரியவரு ஞாபகம் வந்திருச்சு."

"எந்தப் பெரியவரு?"

அவள் ரொட்டியைப் பிய்த்தாள். சாப்பிடவில்லை.

"எங்க இல்லத்துல உங்க பேர்லயே ஒருத்தர் இருக்காரு. எழுபத்தெட்டு வயசு. பக்கவாதம். தண்ணி, மிலோ எதுன்னாலும் கெட்டியாக்கித்தான் குடுக்கணும், இல்லன்னா மூச்சுக் கொழாய்க்குப் போயிரும். எல்லாரும் அவர தர்மா அங்கிள்னு கூப்பிடுவாங்க. எனக்கு வாயில வராது. ஜன்னலோரக் கட்டிலு, அதனால ஜன்னல் ஐயான்னு கூப்பிடுவேன். அவரும் சிரிப்பாரு."

தர்மா காப்பியைக் கீழே வைத்தார்.

"போன வருசம் ஒரு நாள் நல்ல மழ. ஜன்னல் வழியா சாரல் அடிக்குதுன்னு அவர கதவோரம் மாத்தி, மழ விட்டதும் அந்தக் காலி எடத்துல பத்துமலைன்னு இன்னொரு ஐயாவ படுக்க வச்சாங்க. எனக்குத் தெரியும், பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சாயந்தரம் புதுசா வந்த பொண்ணு ரெண்டு மிலோவ வச்சிக்கிட்டு, கெட்டி மிலோ யாருக்கு அக்கான்னு கேட்டா. நான் வேறொருத்தர குளிக்க வச்சிக்கிட்டு இருந்தேன். ஜன்னல் ஐயாவுக்குன்னு சொன்னேன். பேர சொல்லியிருந்தா அவ சரியா குடுத்திருப்பா. ஜன்னல்ல யாரு இருந்தாங்களோ அவங்களுக்குக் குடுத்தா."

"அப்ப அவருக்கு?"

"சாதா மிலோ. பொறை ஏறி, நெஞ்சுல சளி கட்டி, பன்னெண்டு நாளு ஆஸ்பத்திரி. பொழைச்சு வந்துட்டாரு. ஆனா முன்ன மாதிரி இல்ல."

தேர்வில் சீட்டைப் பிரித்ததும் அவள் முகம் வெளுத்தது ஏன் என்று தர்மாவுக்கு இப்போது விளங்கியது. சான்றிதழ் படிக்கிறேன் என்று அவள் வந்து நின்றபோது, இந்த வயசில் இது எதற்கு, வீண் சிரமம், சூசா லா என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"அன்னிக்கே இல்லத்த நடத்துற பெரிய மிஸ்ஸிகிட்ட சொன்னேன், என் தப்புன்னு. அதுக்கப்பறம்தான் எல்லார் கையிலயும் பட்டை கட்டுனாங்க. நான்தான் என்னைய படிக்க அனுப்புங்கன்னு கேட்டேன். அவரு குடும்பத்துக்கு மட்டும் சொல்லல. வயசான ஒடம்பு, பொறை ஏறிருச்சுன்னு சொல்லி விட்டுட்டாங்க. அன்னியிலிருந்து நான் அவருக்கு ஊட்டுறதில்ல. அந்த வேலைய வெண்டிகிட்ட குடுத்துட்டு, அவ பாக்குற கட்டில நான் பாப்பேன். அவரு மொகத்த பாக்க முடியல எனக்கு."

ஒன்றரை வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டு இவள் சோறு பொங்கியிருக்கிறாள், சிரித்திருக்கிறாள், தன்னை 'இந்தாங்க' என்று கூப்பிட்டிருக்கிறாள்.

"தாப்பா பஸ் ஸ்டாண்டுல அன்னிக்கு நான்தானே உன்ன..."

"தப்ப பங்கு போட வராதீங்க," என்றாள் காளியம்மா. "வேலையில இருந்தது நானு."

அவள் கைப்பேசி அடித்தது. இல்லத்திலிருந்து பேசினார்கள். காளியம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு தடவை 'சரி' என்றாள். வைத்த பிறகும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னவாம்?"

"வெண்டி இல்லாததால அந்தப் பெரியவரு மூணு நாளா சரியா சாப்பிடலையாம். புதுப் பொண்ணு ஊட்டினா வாயத் தெறக்க மாட்டேங்குறாராம். ஜொகூர்லேந்து அவரு மக புனிதா வந்திருக்காங்களாம். போன வருசம் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப என்ன நடந்துச்சுன்னு கேக்குறாங்களாம். நீ இன்னிக்கு லீவு தானே, வர வேணாம்னு பெரிய மிஸ்ஸி சொல்றாங்க."

தர்மா ஒரு நிமிடம் யோசித்தார். இப்போதுதான் தேறியிருக்கிறாள். சான்றிதழ் கைக்கு வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இந்த நேரத்தில் போய்த் தன் வாயாலேயே சொன்னால், புகார் என்று எழுதிக் கொடுத்தால், எல்லாம் போய்விடலாம். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தார்.

மனைவியின் முகத்தைப் பார்த்தார். மணியைத் தவறான கையில் வைத்துவிட்டு, இரண்டு எட்டு போய்த் திரும்பி வந்தாளே, அதே முகம்.

"காடிய எங்க விட்டேன்?" என்று கேட்டுக்கொண்டே சாவியை எடுத்தார்.

*

மலர்வனத்துக் கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். தர்மா இதுவரை வாசலோடு நின்று மனைவியைக் கூட்டிப் போனவர். உள்ளே வருவது இதுதான் முதல் தடவை. வரிசையாகக் கட்டில்கள், ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு வெள்ளைப் பட்டை. இத்தனை பட்டைகளுக்கும் காரணம் தன் மனைவி சொன்ன ஓர் உண்மை என்பது அவருக்குப் பெருமையாக இருந்தது. பெயர் சொல்லாத பெருமையெல்லாம் இதற்குப் பக்கத்தில் நிற்காது.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு பெரியவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் கஞ்சிக் கிண்ணம் தொடாமல் இருந்தது. பக்கத்தில் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கண் கலங்கிச் சிவந்திருந்தது. கையில் ஆஸ்பத்திரிக் காகிதங்கள், அவற்றின் மேல் மடிக்காத ஒரு புகார்க் கடிதம்.

காளியம்மா கை கழுவினாள். கட்டிலருகே போய் அட்டையைப் படித்தாள். பெரியவரின் கையை எடுத்துப் பட்டையைத் திருப்பினாள்.

"தர்மலிங்கம் ஐயா," என்றாள்.

வாசலில் நின்ற தர்மாவின் கால் தன்னையறியாமல் ஓர் எட்டு முன்னால் வந்துவிட்டது. பிறகுதான் கூப்பிட்டது தன்னை இல்லை என்று தெரிந்து நின்றார்.

பெரியவர் மெல்ல முகத்தைத் திருப்பினார். அந்தக் குரல் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. பாதி முகம்தான் அசையும். அந்தப் பாதி சிரித்தது.

"நீங்கதான் காளியம்மாவா?" என்றாள் புனிதா. "அன்னிக்கு அப்பாவ பாத்துக்கிட்டது நீங்கதான்னு சொல்றாங்க. பொறை ஏறுச்சுன்னு இந்தக் காகிதத்துல இருக்கு. எப்படி ஏறுச்சுன்னு யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க."

"நான்தான்மா. என்னாலதான். அத சொல்லத்தான் வந்தேன், எல்லாத்தையும் சொல்றேன்," என்றாள் காளியம்மா. நாற்காலியை இழுத்து, பெரியவரின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தாள். "அதுக்கு முன்னால அப்பா சாப்பிட்டுரட்டும். பசியா இருக்காரு."

புனிதா கையிலிருந்த கடிதத்தை நீட்டவுமில்லை, மடிக்கவுமில்லை. அரைக் கரண்டிக் கஞ்சி அப்பாவின் கீழுதட்டைத் தொட்டு நின்றதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

வாய் திறந்தது. பெரியவரின் தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. காளியம்மா இன்னொரு தரத்துக்காகக் காத்திருந்தாள்.